ஓனர் ஊரில் இல்லை

முட்டி இரண்டும் எரிந்தன. விடிந்ததிலிருந்து மூன்று அறைகளையும் குந்தியபடியே துடைத்து முடித்த சின்னப்பராஜுக்கு எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வயது ஐம்பத்தாறு. அதில் முப்பது வருடம் ஓசூரிலும் பெங்களூரிலும் கான்கிரீட் சட்டி தூக்கியே போயிற்று.

இந்த வீட்டுக்கு இன்றைக்கு ஆள் அமைந்துவிட்டால் மாதாமாதம் கையில் ஏதோ வரும். திங்கட்கிழமை ஓசூர் பஸ் ஏற வேண்டாம். அமையாவிட்டால், முட்டிக்கு ஊசி போட்ட டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

பாப்பாரப்பட்டி மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய புது வீடு. நாலு மாதமாகக் காலி. வாசலில் ‘வாடகைக்கு’ போர்டு தொங்கியபோது நிறையப் பேர் வந்தார்கள். வீடு பிடித்திருக்கிறது என்பார்கள், ஓனர் யாரென்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விடுவார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. போன வாரம்தான் போர்டைக் கழற்றிவிட்டு, புரோக்கர் சென்னப்பனிடம் விட்டது.

பத்து மணிக்கு இரண்டு பைக்குகள் வந்து நின்றன. ஒன்றில் சென்னப்பன். இன்னொன்றில் ஏரியூரிலிருந்து வீடு பார்க்க வந்த தீர்த்தகிரியும் அவன் மனைவி பானுமதியும்.

“என்னப்பா, தொடச்சாச்சா?” என்றான் சென்னப்பன்.

“ஆச்சுங்க.”

பானுமதி நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். “தண்ணி நிக்குமா கோடையில?”

சென்னப்பன் சின்னப்பராஜைப் பார்த்தான். “போர் எழுநூறு அடிங்கம்மா. இதுவரைக்கும் நின்னதில்ல” என்றார் அவர்.

திரும்பி வந்தவள் வாசல் நிலைக்கு மேலே காட்டினாள். “இதென்ன, இங்க மட்டும் பெயிண்ட் புதுசா இருக்குது?”

“ஏதோ படம் இருந்துச்சும்மா. எடுத்தாச்சு” என்றான் சென்னப்பன்.

தீர்த்தகிரி புரோக்கரை விடவில்லை. “ஓனரு எந்த ஆளுங்க?”

“பெங்களூர்ல கம்பெனி வேலைங்க. நம்ம பக்கத்து ஆளுங்கதான். வருசத்துக்கு ஒருக்கா வந்தா அதிகம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.”

“அதுக்கில்லீங்க. வூட்டுல சாமி வெக்கறோம். யாரு என்னன்னு தெரிஞ்சுக்கணுமில்ல.”

“நான்தான் சொல்றேனே, நல்ல எடம்னு.” போன் அடித்ததும் சென்னப்பன் தப்பித்தவன் மாதிரி ரோட்டுப் பக்கம் நடந்தான்.

தீர்த்தகிரி சின்னப்பராஜிடம் நெருங்கி வந்தான்.

“ஏப்பா, ஓனர் நம்பர் உன்கிட்ட இருக்குதா? நேராப் பேசி முடிச்சுக்கறேன். இவனுக்கு எதுக்கு ஒரு மாச வாடகை ஆறாயிரம் அழுவணும்? உனக்கு ஆயிரம் தர்றேன்.”

சின்னப்பராஜ் வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தார். அழுக்குத் தண்ணீர் அவர் காலிலேயே விழுந்தது. “புரோக்கரையே கேளுங்க.”

“பயப்படாத. நீ குடுத்தன்னு சொல்ல மாட்டேன்.”

“நேராப் பேசினா ஆகாதுங்க.”

“யாருக்கு ஆகாது? ஓனருக்கும் அந்தப் புரோக்கர் காசு மிச்சம்தானே.”

“மிச்சம்தாங்க. ஆனா ஆகாது.”

“பொழைக்கத் தெரியாத ஆளுப்பா நீ.” தீர்த்தகிரி சிரித்துவிட்டு நகர்ந்தான்.

பானுமதிக்கு வீடு பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம். பீரோவை எங்கே வைப்பது என்பது வரைக்கும் பேசிக்கொண்டே வந்தவள், வாளியோடு நின்றவரைப் பார்த்து நின்றாள்.

“உள்ள எல்லாம் நீதான் தொடச்சியா?”

“ஆமாங்கம்மா.”

“பூஜை ரூமும்?”

“ஆமாங்க.”

“நீ எங்க இருக்கற?”

“சர்ச்சுக்குப் பின்னால, காலனிங்க.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான்.

“சரி, பரவால்ல” என்றாள் பானுமதி. “பால் காய்ச்சறதுக்கு மின்னால நாங்களே ஒருக்கா கழுவி விட்டுக்கறோம்.”

“செய்ங்கம்மா.” சின்னப்பராஜ் ஒரு படி இறங்கி வெளியே நின்றார்.

சென்னப்பன் திரும்பி வந்ததும் பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ், அடுத்த வாரம் குடி வருவது. தீர்த்தகிரி போனை எடுத்துத் தன் பங்குக் கமிஷனை அங்கேயே அனுப்பிவிட்டான்.

“மாச வாடகை யாருகிட்டங்க?”

“எனக்கே போட்டுடுங்க. நான் அனுப்பிக்கறேன். அக்ரிமெண்டெல்லாம் இங்க யாரு போடறாங்க, வாய் வார்த்தைதான்.”

“அதுவும் சரிதான். நடுவுல நீங்க இருந்தா எங்களுக்கும் தைரியம்.”

அவர்கள் பைக் திருப்பத்தில் மறைந்தது. சென்னப்பன் தன் வண்டியை எடுக்காமல் நின்றான். கையிலிருந்த போனைப் பார்த்தான், பையில் போட்டான், மறுபடியும் எடுத்தான்.

“அவங்க பங்கு வந்துடுச்சு” என்றான், முகத்தைப் பார்க்காமல்.

சின்னப்பராஜ் வாளியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“என் வூட்டுக்கு ஆள் வெச்சுக் குடுத்திருக்கறீங்க. நான் தர வேண்டிய ஆறாயிரம் பாக்கி.”