குழாய்ச் சத்தத்துக்குள்

அவள் கணவன் எழுதிய நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதி வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு மனைவி குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுகிறாள். "டேங்க் காலியாகுது, சீக்கிரம் அழுது முடி!" என்று வெளியே நின்று கத்துகிறான் திரைக் கணவன். பதிவு செய்த சிரிப்பு கொட்டுகிறது. கூடத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி பாதியில் நிற்கிறது. போன மழைக்காலத்தில், விளக்கணைந்த அறையில், கணவனிடம் மட்டும் அவள் சொன்ன தன் ரகசியம் அது. "யாருண்ணா இப்படியெல்லாம் அழுவாங்க? எங்கே பிடிச்சே?" நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "எம்பிள்ளை மூளையே மூளை!" என்கிறாள் மாமியார். "சும்மா, கற்பனைதான்." அவன் மனைவி பக்கம் திரும்பாமல் தட்டில் ஆப்பிளைத் துழாவுகிறான். அவள் கத்தியை வைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்து ஒலியை அடியோடு நிறுத்துகிறாள். பெட்டிக்குள் சிரித்தவர்கள் வாயடைத்துப் போக, நாத்தனாரின் சிரிப்பு மட்டும் அறையில் தனியே மாட்டிக்கொண்டு, அசடு வழிந்து, அடங்குகிறது. திரையில் இப்போது குழாய்ச் சத்தமும் இல்லை, கூட்டத்தின் சிரிப்பும் இல்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து ஒருத்தியின் தோள்கள் குலுங்குகின்றன, அவ்வளவுதான். ரிமோட்டைப் பிடித்தபடி அவள் தன் கணவனின் முகத்தையே பார்க்கிறாள்.

"கற்பனைதானே? எங்கே, இப்பச் சிரிங்க."