ஒரு தும்மலின் அகலம்

தூரத்து விண்மீன் மண்டலத்தில் இளம்பரிதி கண்ட புதுப் புள்ளி, வெடித்த நட்சத்திரம்தானா என்று உறுதிசெய்ய, முதலில் பழைய படத்தில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். பழைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவன் மனைவி மாதங்கி, சாவதற்கு மூன்று வாரம் முன்பு எடுத்தது.

"ஆடிப்போயிருக்கேப்பா," என்றார் கூட வேலை பார்க்கும் ஜெபமணி. "எல்லா நட்சத்திரமும் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"தும்மிட்டாண்ணே. தொலைநோக்கி மேலயே இடிச்சிட்டா. படத்த அழிச்சிருன்னு திட்டினேன்."

"நல்லவேளை, புருஷன் பேச்சக் கேக்கல."

அவன் எழுந்து ஜன்னல்வரை போனான், வந்து உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். ஜெபமணி படத்தைப் பெரிதாக்கினார். புதுப் புள்ளியின் இடத்தில் ஒன்றுமே இல்லை.

"போதும். கண்டுபிடிச்சத உடனே எழுதி அனுப்பு. வேற எவனாவது முந்திக்கிட்டா நம்ம பேரு போச்சு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இளம்பரிதி அனுப்பவில்லை. அவள் தும்மலில் இரண்டாக விழுந்திருந்த ஒரு நட்சத்திரத்தின் இரு புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தான். அடுத்ததையும் அளந்தான். அதே அளவு. அதற்கடுத்ததும் அதே அளவு.

"அனுப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஜெபமணி.

"இருங்கண்ணே," என்றான், திரும்பாமல். "இன்னும் முந்நூறு நட்சத்திரம் இருக்கு."