ஆளுக்கு ஆறு

"ஆளுக்கு ஆறு டப்பாதான் தருவாங்க. நீ ஒரு கவுண்டர்ல போ, நான் ஒண்ணுல போறேன்," என்றார் டெஸ்.

நோலின் நகரத்துப் பெருங்கடையின் தள்ளுவண்டியில் காப்பித்தூள் டப்பாக்களை அடுக்கினாள்.

"ஊர்க்காரங்க யாராவது பாத்தா? கூட்டத்துல நீதானே முழங்கின, நம்ம ஊர்க் காசு நம்ம ஊர்க் கடைக்கேன்னு."

"எண்பது கிலோமீட்டர் தாண்டி எவன் வரப்போறான்? இப்படி வாங்கலைன்னா நாம தாக்குப்பிடிக்க முடியாது."

அடுத்த வரிசையிலிருந்து மெர்வ் வந்தார். இவர்களைக் கண்டதும் முகம் சிவந்தது. கோட்டைக் கழற்றித் தன் வண்டியை மூடினார்.

"பல் டாக்டரைப் பாக்க வந்தேன். அப்படியே சும்மா எட்டிப் பாத்தேன்."

"பல் வலிக்கு இத்தனை பிஸ்கட்டா, மெர்வ்?" என்றார் டெஸ்.

மெர்வ் வண்டியைத் தள்ளிக்கொண்டு நழுவினார்.

"நம்மளப் பத்தி ஊர்ல சொல்லிடுவானோ?" என்றாள் நோலின்.

"சொன்னா அவனும்ல மாட்டுவான்."

திங்கட்கிழமை காலை, ஊரிலிருந்த ஒரே மளிகைக் கடைக்கு மெர்வ்தான் முதல் ஆளாக வந்தார். வீட்டில் காப்பித்தூள் நிறைய இருந்தும் இரண்டு டப்பா எடுத்துக்கொண்டு போய்க் கல்லா முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"விலை கூடுதலா இருந்தா என்ன? நம்ம ஊர்க் கடை பிழைக்கணும்ல."

"உன்ன மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும், மெர்வ்," என்று காசை வாங்கிக் கல்லாவில் போட்டார் டெஸ்.

கடையின் பின்னறையில் நோலின், மீதிப் பத்து டப்பாக்களில் ஒட்டியிருந்த 'பாதி விலை' சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.