மூன்றாம் ஓலை

ரூபவதி சித்தி எழுந்து நின்று விரலை நீட்டியபோது, யாரைச் சொல்கிறாள் என்று கடைசி பெஞ்சில் இருந்த அவளும் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஒன்னத்தாட்டி சொல்லுதேன். ஒன்ன நம்பித்தான வீட்டுக்குள்ள விட்டேன்? எம் பிள்ள கல்யாணத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

ஆலயம் முழுவதும் திரும்பியது.

கொஞ்சம் முன்புதான் போதகர் கல்யாண ஓலைகளை வாசித்து முடித்திருந்தார். மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு சபை நடுவே வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்க வேண்டும். சித்தியின் மகள் எப்சிபாவின் பெயர் இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. இன்று மூன்றாவது.

இன்று வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நேற்று வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

விரல் நீட்டப்பட்டவளுக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் கல்யாணத்துக்கு எந்தச் சேலையைக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டுதான் காலையில் கிளம்பி வந்தாள்.

நான் இல்லை.

இரண்டே வார்த்தை. வரவில்லை.

"அந்த விஷயம் ஒனக்கும் எங்களுக்கும் தவிர வேற ஆருக்குட்டி தெரியும்?"

எந்த விஷயம்? சபை காதைத் தீட்டிக்கொண்டது.

போன மழைக்காலத்தில் எப்சிபா வலிப்பு வந்து சமையலறையில் விழுந்தாள். பின்வாசல் வழியாக ஊசியோடு ஓடியவள் இவள் ஒருத்திதான். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சித்தி கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இவளும் விடவில்லை. வீட்டில் புருஷனிடம்கூட விடவில்லை.

இப்போது தன் நியாயத்தைச் சொல்ல வேண்டுமானால், விஷயம் என்ன என்று சொல்ல வேண்டும். சொன்னால், செய்யாத குற்றத்தை இத்தனை பேர் முன்னால் இப்போதுதான் செய்தவளாவாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் அவள். பாதி ஊரின் சங்கதி அவள் வாய்க்குள் இருக்கிறது. அந்த வாயை நம்பித்தான் கதவைத் திறக்கிறார்கள். இனி யார் திறப்பார்கள்?

ஆண்டவரே, உமக்குத் தெரியும் என்றாள் மனதுக்குள்.

தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறீர் என்றும் கேட்டாள். கோபமாக வந்தது. அவர் மேலும்தான்.

விசாரணையில் பிலாத்துவின் முன் இயேசு பேசாமல் நின்றதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறாள். படம் வேறு ஒட்டி வைத்திருக்கிறாள். பேசாமல் நின்றால் தொண்டை இப்படி வலிக்கும் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

சித்தியை இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். போதகர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். ஒரு சொல்லும் அவள் காதில் ஏறவில்லை.

எழுந்து போய்விடலாம். போனால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த டீச்சர் சேலையை ஒதுக்குவதுபோல ஓர் ஆள் இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

நற்கருணைக்கு முன் சமாதானம் வந்தது. போதகர் கையிலிருந்து மூப்பர்களுக்கு. மூப்பர்களிடமிருந்து முதல் பெஞ்சுக்கு. ஒருவர் கையை ஒருவர் இரண்டு கையாலும் பற்றி, சமாதானம் சொல்லி, பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வந்தது.

கடைசி பெஞ்சுக்கும் வந்தது. டீச்சர் வரைக்கும் வந்தது.

டீச்சர் வாங்கிக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் தன் கைகளை ஏற்கெனவே நீட்டியிருந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

முன்னால் எப்சிபா எழுந்தாள்.

"ஏட்டி, எங்க போற?" என்று சித்தி முந்தானையைப் பிடித்தாள். எப்சிபா அதை உருவிக்கொண்டு வந்தாள். பெஞ்சில் காலியாகக் கிடந்த அந்த ஓர் ஆள் இடத்தில் வந்து நின்றாள். நீட்டியிருந்த கைகளைப் பற்றினாள். பிள்ளையின் விரல்கள் சில்லென்று இருந்தன.

காதருகே குனிந்தாள்.

"நான்தான்க்கா மாப்பிள்ள வீட்டுல சொன்னேன். மறச்சு வச்சுக் கெட்டிக்கிட முடியல. அம்மைக்குத் தெரியாது."

சித்தி கத்தியபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

இவளா? இத்தனை நேரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த இவளா?

இப்போது வாயைத் திறக்கலாம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையையே கேளுங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். எல்லாக் கதவும் மறுபடி திறக்கும்.

"எம் பிள்ள ஒங்கிட்ட என்னட்டி சொன்னா?" சித்தி அங்கிருந்தே கேட்டாள்.

அவள் எப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் இந்தப் பிள்ளை அந்தத் தாயோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"சமாதானம் சொன்னா சித்தி."

குரல் வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எப்சிபா கையை விடவில்லை. பிடித்தபடியே பீடத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

வேண்டாம் என்று அவள் அந்தக் கையை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

எப்சிபா உட்காரவில்லை.