அரை அத்தியாயம்

எந்த நாவலானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவது கணவரின் வழக்கம். அதனால் இந்தத் துப்பறியும் நாவலை ஆஸ்பத்திரியில் அவள் தன் கைப்பையிலேயே வைத்திருந்தாள். தினமும் மாலையில் அரை அத்தியாயம் வாசித்துக் காட்டுவாள்.

"கொலைகாரன் யாருன்னு சொல்லிடேன், புண்ணியமாப் போகும்."

"நாளைக்கு இருந்து கேளுங்க."

"ராட்சசி!" என்று சிரித்தார். சிரிக்கும்போது கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். வழக்கமான வலிதான் என்று நினைத்தாள்.

டாக்டர் சில நாள்தான் என்றிருந்தார். வாரங்கள் ஓடின. கதைதான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நம்பி, அரை அத்தியாயத்தைக் கால் அத்தியாயமாகக் குறைத்தாள்.

கடைசி அத்தியாயம் மிச்சமிருக்க, அவர் போய்விட்டார்.

"முடிவு தெரியாமலே அனுப்பிட்டேனே, சிஸ்டர்!"

போர்வையை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் தயங்கினாள்.

"அவருக்குத் தெரியும்க்கா. முதல் நாளே, நீங்க பையை விட்டுட்டு டீ குடிக்கப் போனப்ப, என்னைக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டார்."

"அப்புறம் ஏன் தினம் கேட்டார்?"

"'கதைக்காகத்தான் உயிரோட இருக்கேன்னு நினைக்கிறா, நினைச்சுக்கட்டும்'னார். ஊசி போட்டா தூங்கிடுவேன், அவ வாசிக்கிறப்ப முழிச்சிருக்கணும்னு வலி ஊசியை ஒரு நாளும் போட விடலைக்கா."