விமானத்தில் யார்?

“உங்க யுனிவர்சிட்டி விமானம் காலைல டென்வர்ல இறங்கியிருக்கு. ரசிகனுங்க அது போற ரூட்டை நெட்ல பார்த்துட்டுக் கொதிச்சுப்போய்க் கிடக்கானுங்க. எதிர் லீக்கோட ஆபீஸைத் தவிர அங்க உங்களுக்கு என்னய்யா வேலை?”

போனில் கல்லூரி விளையாட்டு லீக்கின் தலைவர் கிரான்ட்ஸ் கத்தினார். பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் ராய்ஸ் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

“சத்தியமா நாங்க லீக் மாறலை சார்.”

“அப்போ விமானம் எதுக்குப் போச்சு?”

“அதை மட்டும் கேக்காதீங்க சார்.”

“நீங்க கம்பி நீட்டுறீங்கன்னு மத்த ஏழு காலேஜும் வேற லீக்குக்குத் தாவ, பேனாவும் கையுமா உக்காந்திருக்காங்க. இப்பவே சொல்லு!”

இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று பல்கலைக்கழகத் தலைவி அகஸ்டா மேடம் சொல்லியிருந்தார். ராய்ஸ் திறக்கவில்லை.

“சரி, அவங்களையும் கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லிடறேன். அறுபது வருஷ லீக்கு... நல்லா இருங்கய்யா!”

போன் துண்டிக்கப்பட்டது.

கதவு திறந்தது. அகஸ்டா மேடம் ஒரு புல்டாக் நாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“டென்வர்ல கிடைச்சுது ராய்ஸ். அச்சு அசல் நம்ம டீமோட ராசி நாய் ரூஃபஸ் மாதிரியே இல்ல? சனிக்கிழமை மேட்ச்ல இதையே ஓட விட்டுடலாம். ரூஃபஸ் செத்தது யாருக்கும் தெரியாதே?”

“தெரியாது மேடம்,” என்றார் ராய்ஸ். “லீக் செத்ததுதான் இன்னும் அரை மணியில ஊருக்கே தெரிஞ்சுடும்.”