மேடையில் ஒரு உண்மை

மேடைக்குப் பக்கத்தில் மைக் செட்டோடு உட்கார்ந்திருந்தேன். பாட்டு நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர் வந்து என் காதருகே குனிந்தார்.

"அண்ணே, அடுத்து பாடகர் அரசியல் பேசுவாரு. மந்திரின்னு வாயெடுத்ததும் மைக்கை அணைச்சிடுங்க."

"நீங்க யாரு?"

"அது உங்களுக்கு எதுக்கு? அணைக்கலைன்னா நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது."

மந்திரியின் ஆள்தான், சந்தேகமே இல்லை. பாடகர் பேசப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

பாட வந்தவருக்கு அரசியல் எதற்கு என்று நானும் கேட்டவன்தான். ஆனால் போன மாதம் எங்கள் குடிசைகளை இடித்தபோது ஏனென்று கேட்க ஒரு நாதியில்லை. இப்போது ஒருத்தர் வாய் திறக்கிறார், அதை நானே அடைப்பதா? வேலை போனால் போகட்டும்.

பாட்டு முடிந்தது. பாடகர் கையை உயர்த்தினார்.

"குடிசைகளை இடிச்ச மந்திரியைப் பத்தி ஒரு உண்மையைச் சொல்லப்போறேன்!"

கூலிங்கிளாஸ்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் சுவிட்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"ஒரு உண்மையைச் சொல்லப்போறேன்..." என்றார் பாடகர் மறுபடியும். சற்று நின்று, திரும்பவும் அதையேதான் சொன்னார். முகமெல்லாம் வியர்வை.

பிறகு, கையிலிருந்த மைக்கை மறந்து எங்கள் பக்கம் திரும்பி, கூலிங்கிளாஸ்காரரிடம் கிசுகிசுத்தார். அது எல்லா ஸ்பீக்கரிலும் கணீரென்று கேட்டது.

"என்ன மச்சான், மைக்கை அணைக்கச் சொன்னியா இல்லையா? இதுக்கு மேல நான் என்னத்தைப் பேசுறது?"